75 சென்ட் ரவுண்டு: ஒரு பல் டாக்டர், ஒரு கோல்ஃப் மைதானம், ஒரு ஆஸ்பத்திரி வாசல்

1/
எங்களுக்கு ரவுண்ட்ஸ் என்றால் வார்டு ரவுண்ட்ஸ்தான். காலையில் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டாகப் போவது. இன்னைக்கு நான் சொல்லப்போறது வேற ரவுண்டு.

ஒரு பல் டாக்டர் ஐந்து நண்பர்களோடு போய் ஒன்பது குழி கோல்ஃப் ஆடினார். அதற்கு அவருக்கு 30 நாள் ஜெயில் தண்டனை விதித்தார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் அதே மனிதர் தொடுத்த இன்னொரு வழக்கு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கதவைத் திறந்தது.

கொஞ்சம் நீளமான த்ரெட். நைட் டூட்டி முடிஞ்சு உட்கார்ந்து எழுதினது. பொறுமையா படிங்க.

2/
முதல்ல கோல்ஃப் பத்தி ரெண்டு வரி. ஒரு முழு ரவுண்டு என்றால் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் பந்தை அடிக்க ஆரம்பிக்கும் இடத்துக்குப் பெயர் டீ. (குடிக்கிற டீ இல்லைங்க.) அங்கிருந்து மரங்கள், மேடு பள்ளம், மணல் பள்ளம், சில இடங்களில் ஓடை எல்லாம் தாண்டி, வழவழவென்று புல் வெட்டிய இடத்தில் இருக்கும் குழிக்குள் பந்தைத் தள்ள வேண்டும். நடந்தே ஆடினால் சுமார் நான்கு மணி நேரம். நேரம் இல்லாதவர்கள் ஒன்பது குழியோடு முடித்துக்கொள்வார்கள்.

3/
நமக்கு கோல்ஃப் என்றாலே தொழிலதிபர், ரிட்டயர்டு ஆபீசர், கிளப் மெம்பர்ஷிப்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது பாதிக் கதைதான். அங்கே நகராட்சியே நடத்தும் கோல்ஃப் மைதானங்கள் ஏராளம். நம்ம ஊர் மாநகராட்சிப் பூங்கா மாதிரி. உள்ளே போய் ஒரு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

"யார் வேண்டுமானாலும்" என்பதில்தான் இந்தக் கதையே இருக்கு.

4/
1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு ஒரு பெரிய திட்டம் போட்டது. சாலை, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா என்று கட்டித் தள்ளினார்கள். அதோடு கோல்ஃப் மைதானங்களும்.

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு ஊர். அங்கே அந்தத் திட்டத்தின் பணத்தில் 1941-ல் திறந்ததுதான் கில்லெஸ்பி பார்க் கோல்ஃப் மைதானம். பெர்ரி மேக்ஸ்வெல் என்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர் வரைந்த 18 குழி மைதானம். மேடும் பள்ளமும் மரமுமாக இருந்த நிலம். நிலம் நகராட்சியுடையது. ஒரு பகுதி பள்ளிக் கல்வி வாரியத்துடையது. பணம் மத்திய அரசுடையது. அதாவது மக்கள் வரிப்பணம்.

5/
ஆனால் கறுப்பின மக்கள் உள்ளே வரக்கூடாது. அவர்கள் கட்டிய வரியும் அந்தப் புல்லில்தான் இருந்தது. ஆனால் அதில் கால் வைக்க அனுமதி இல்லை.

அவர்களுக்கென்று நோச்சோ பார்க் என்ற இன்னொரு மைதானம். ஒன்பதே குழி. பராமரிப்பு சுமார். பக்கத்திலேயே ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்! "தனித்தனி, ஆனால் சமம்" என்று அப்போது ஒரு சட்டக் கோட்பாடு. சமம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

6/
1949-ல் கறுப்பின மக்கள், "எங்களையும் கில்லெஸ்பி பார்க்கில் ஆட விடுங்க" என்று கேட்டார்கள். நகராட்சி என்ன பண்ணுச்சு தெரியுமா?

மைதானத்தை ஒரு தனியார் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டது. வருடத்துக்கு 1 டாலர். ஒரே ஒரு டாலர். "இப்போ இது தனியார் இடம். நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று கையைக் கழுவிக்கொண்டது.

இந்த ஒரு டாலர் தந்திரத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி ஆஸ்பத்திரிக் கதையிலும் இதே வாதம் வரும்.

7/
இப்போ கொஞ்ச நேரம் வேறொரு ஊருக்குப் போகணும். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா. கிரீன்ஸ்பரோவில் நடந்ததுக்கு முன்னோட்டம் அங்கேதான் நடந்தது.

அங்கே ஹாமில்டன் ஹோம்ஸ் என்று ஒரு கறுப்பின டாக்டர். கோல்ஃப் பிரியர். 1951 ஜூலையில் தன் இரண்டு மகன்கள், ஒரு நண்பரோடு பாபி ஜோன்ஸ் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடும்பமே வழக்கு போட்டது.

8/
கீழ் நீதிமன்றம் ஒரு வினோதமான பதில் சொன்னது. "முழுசா மறுக்கக்கூடாது. ஆனா தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்." அதாவது உங்களுக்குச் சில நாட்கள் ஒதுக்குகிறோம், அன்றைக்கு மட்டும் வந்து ஆடுங்கள் என்கிற மாதிரி.

ஹோம்ஸ் குடும்பம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1955 நவம்பர் 7 அன்று, சில வரிகளில் ஒரு உத்தரவு. கீழ்த் தீர்ப்பு ரத்து. நகராட்சி மைதானத்தில் நிறம் பார்க்கக்கூடாது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் டாக்டரின் மகன்கள் அட்லாண்டாவின் நகராட்சி மைதானம் ஒன்றில் இறங்கி ஆடிவிட்டார்கள்.

9/
தீர்ப்பு வந்த சரியாக ஒரு மாதத்தில், 1955 டிசம்பர் 7, கிரீன்ஸ்பரோவில் ஆறு பேர் கிளம்பினார்கள். நாட்டின் சூழலையும் சொல்லணும். ஆறு நாள் முன்னாடிதான் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடம் விட மறுத்துக் கைதாகியிருந்தார். பஸ் புறக்கணிப்பு தொடங்கி இரண்டு நாள்.

ஆறு பேருக்கும் தலைமை டாக்டர் ஜார்ஜ் சிம்கின்ஸ். பல் டாக்டர். அவர் அப்பாவும் பல் டாக்டர். அப்போது அவருக்கு வயது 31. என் வயசுக்காரர்னு சொல்லிக்கலாம்.

10/
கவுண்டரில் போய் ஆடணும் என்று சொன்னார்கள். கட்டணம் ஆளுக்கு 75 சென்ட். (நம்ம ஊர்ல சென்ட் என்றால் நிலம். இது டாலரில் நூறில் ஒரு பங்கு.) மெம்பர் இல்லை என்று மறுத்தார்கள்.

ஆறு பேரும் சண்டை போடவில்லை. காசை மேஜை மேல் வைத்தார்கள். மட்டையை எடுத்துக்கொண்டு முதல் டீக்குப் போய்விட்டார்கள்.

11/
கற்பனை பண்ணிப் பாருங்க. டிசம்பர் மாதம். நல்ல பசும்புல் மைதானம். நீங்க பந்தைப் பார்த்துக் குனிஞ்சு நிக்கறீங்க. மைதான மேனேஜர் பின்னாடியே வந்து திட்டுகிறார், வெளியே போகச் சொல்கிறார். கோல்ஃப் ஆடறவங்களைக் கேளுங்க, பந்தை அடிக்கும்போது பக்கத்தில் யாராவது இருமினாலே கை தடுமாறும்னு சொல்வாங்க.

அவர்கள் ஒன்பது குழியையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அன்று ராத்திரியே கைது. குற்றம்: அத்துமீறி நுழைதல்.

12/
இங்கே சிலர் கேட்கலாம். "கோல்ஃப் என்ன சோறா? வேலை இல்ல, ஓட்டு இல்ல, நல்ல பள்ளிக்கூடம் இல்ல. இதுல விளையாட்டுக்குப் போய் ஜெயிலுக்குப் போகணுமா?"

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. முழுக் கதையும் படித்த பிறகு அந்தக் கேள்வியே மாறிப்போச்சு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

13/
இனி இரண்டு வழக்குகள் இணையாக ஓடுகின்றன. கவனமா படிங்க, கொஞ்சம் சிக்கல்.

ஒன்று, மாநில நீதிமன்றத்தில் இந்த ஆறு பேர் மீதான கிரிமினல் வழக்கு.

இரண்டு, ஃபெடரல் நீதிமன்றத்தில் சிம்கின்ஸ் தரப்பு கிரீன்ஸ்பரோ நகராட்சி மீது போட்ட வழக்கு.

14/
இரண்டாவதில் ஜெயித்தார்கள். 1957-ல் நீதிபதி ஜான்சன் ஹேய்ஸ் தெளிவாகச் சொன்னார்: நகராட்சி நிலத்தைக் குத்தகைக்கு விட்டதால் அதன் பொறுப்பு போய்விடாது. வெள்ளையர்கள் வந்தால் மெம்பரா என்று கேட்காமலே ஆட விடுகிறார்கள். கறுப்பர்கள் வந்தால் மட்டும் மெம்பர்ஷிப் ஞாபகம் வருகிறது. இது நிறப் பாகுபாடு. நிறுத்துங்கள்.

மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

15/
அப்புறம்? உத்தரவு அமலுக்கு வரும் முன்பே கிளப் ஹவுஸ் தீப்பிடித்து எரிந்தது. அதைக் காரணம் காட்டி நகராட்சி மைதானத்தையே மூடியது.

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்கிற மனநிலை. தெற்கு மாநிலங்களில் அந்தக் காலத்தில் இது பல இடங்களில் நடந்தது. கறுப்பினக் குழந்தைகளோடு சேர்ந்து குளிப்பதைவிட நகராட்சி நீச்சல் குளத்தை மூடுவதே மேல் என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. கிணற்றை மூடிய கதைகள் நமக்கும் புதுசில்லையே.

16/
இப்போது முதல் வழக்கு, கிரிமினல் வழக்கு. ஆறு பேருக்கும் 30 நாள் சிறை என்று மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960 ஜூன் மாதம் தீர்ப்பு. 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள்.

ஃபெடரல் நீதிமன்றமே "இது பாகுபாடு" என்று சொன்ன பிறகு எப்படித் தோற்க முடியும்?

17/
இதற்கான பதில்தான் ஒரு டாக்டராக என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீட்டு ஆவணக் கட்டில், அந்த ஃபெடரல் தீர்ப்பும் அதன் கண்டறிதல்களும் சேர்க்கப்படவே இல்லை. "எங்கள் முன் உள்ள ரெக்கார்டில் இல்லாததை வைத்து நாங்கள் முடிவெடுக்க முடியாது" என்ற அடிப்படையில் பெரும்பான்மை நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். தலைமை நீதிபதி வாரன் உள்ளிட்ட நான்கு பேர் இதை ஏற்காமல் மாறுபட்டார்கள். ஆனாலும் ஐந்து பெரிது, நான்கு சிறிது.

18/
ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது என்ன? "கேஸ் ஷீட்ல எழுதலைன்னா, நீ செய்யலைன்னு அர்த்தம்."

ராத்திரி மூணு மணிக்கு நீங்க பேஷன்ட்டைப் பார்த்திருப்பீங்க, பிபி எடுத்திருப்பீங்க, மருந்து கொடுத்திருப்பீங்க. எழுதாம விட்டா காலையில் அதெல்லாம் நடக்காத விஷயம். சிம்கின்ஸ் உண்மையில் ஜெயித்திருந்தார். ரெக்கார்டில் தோற்றார்.

19/
நல்லவேளை, ஆளுநர் லூதர் ஹாட்ஜஸ் சிறைத் தண்டனையைக் குறைத்து அபராதத்தோடு விட்டார். ஆனால் சிம்கின்ஸ் சும்மா இருக்கவில்லை. 1959-லிருந்து கிரீன்ஸ்பரோவில் என்.ஏ.ஏ.சி.பி. கிளையின் தலைவர். கறுப்பின மக்களின் உரிமைக்கான பழைய பெரிய இயக்கம் அது. அந்தப் பொறுப்பில் 25 வருடம் இருந்தார்.

1960 பிப்ரவரி 1-ல் நான்கு கல்லூரி மாணவர்கள் அதே ஊர் வுல்வொர்த் கடை உணவு மேஜையில் உட்கார்ந்து எழ மறுத்தார்களே, உலகமே பேசிய போராட்டம், அது நடந்ததும் இதே கிரீன்ஸ்பரோதான். மாணவர்களுக்கு வெளியிலிருந்து உதவி கேட்டு நியூயார்க்குக்கு போன் போட்டவர்களில் நம்ம பல் டாக்டரும் ஒருவர்.

20/
இப்போ ஆஸ்பத்திரிக்கு வருவோம். இங்கேயும் ஒரு பல்தான் ஆரம்பம்.

சிம்கின்ஸிடம் ஒரு கறுப்பினக் கல்லூரி மாணவர் வந்தார். ஞானப்பல் சரியாக முளைக்காமல் சிக்கி, சீழ் பிடித்து, முகம் வீங்கி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகணும்.

21/
"ஒரு பல்லுக்கா ஆஸ்பத்திரி?" என்று நினைக்காதீங்க. ஞானப்பல்லின் வேர் தாடையின் அடிப்பகுதியில் கழுத்துப் பக்கமாக இருக்கு. அங்கே சீழ் கட்டினால், நாக்கின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் உள்ள இடைவெளிகளுக்குள் பரவலாம். நாக்கு மேலே தள்ளப்படும். வாய் திறக்க முடியாது. எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுக்குழாய் அடைபடும்.

லுட்விக் ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர். இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். நரம்பு வழி மருந்து, சீழை வெட்டி வெளியேற்றுவது, தேவைப்பட்டால் மூச்சுக்கு வழி செய்வது, எல்லாம் தயாராக உள்ள இடம் வேண்டும். அதாவது ஆஸ்பத்திரி.

22/
ஊரில் கறுப்பின மக்களுக்கென்று இருந்தது எல். ரிச்சர்ட்சன் நினைவு மருத்துவமனை. 1927-ல் தொடங்கியது. எப்போதும் நிரம்பி வழியும். பெட் இல்லை, காத்திருக்கணும்.

நல்ல வசதியோடு இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தன. வெஸ்லி லாங், மோசஸ் கோன். வெஸ்லி லாங் கறுப்பின நோயாளிகளைச் சேர்ப்பதே இல்லை. கோன் எப்போதாவது ஒருவர் இருவரைக் கடுமையான நிபந்தனையோடு சேர்க்கும். கறுப்பின டாக்டர்களுக்கோ இரண்டிலும் வேலை செய்ய அனுமதி இல்லை. நம்ம மாணவருக்கு இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை.

23/
இதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கு. மோசஸ் கோன் பெரிய ஜவுளி ஆலை முதலாளி. அவர் மறைவுக்குப் பிறகு மனைவி பெர்த்தா கோன் ஏற்படுத்திய அறக்கட்டளையின் சொத்தில் எழுந்தது அந்த ஆஸ்பத்திரி. பணம் கொடுக்க இயலாது என்ற காரணத்துக்காக எந்த நோயாளியையும் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 1911-லேயே அந்தப் பத்திரத்தில் எழுதி வைத்தார்கள்.

காசு இல்லைன்னா சேர்ப்பாங்க. தோல் கறுப்புன்னா யோசிப்பாங்க. நல்ல மனசோடு எழுதின பத்திரத்திலும் ஒரு ஓட்டை விழுந்துடுது பாருங்க.

24/
சிம்கின்ஸ் விசாரித்தார். இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் தனியார் அறக்கட்டளைகள்தான். ஆனால் கட்டடம் கட்ட அரசுப் பணம் வாங்கியிருக்கின்றன!

1946-ல் ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுக்க ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசு நிதி கொடுத்தது. நல்ல திட்டம். சின்ன ஊர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வந்தது அதனால்தான். ஆனால் அதற்குள் ஒரு விதிவிலக்கு இருந்தது. மக்கள் பிரிவுகளுக்குத் தனித்தனியாக ஆஸ்பத்திரி இருந்தால், தரம் சமமாக இருக்கும்பட்சத்தில், அதற்கும் பணம் தரலாம். சட்டத்திலேயே எழுதப்பட்ட தீண்டாமை.

25/
இந்த முறை சிம்கின்ஸ் அவசரப்படவில்லை. கோல்ஃப் வழக்கில் பட்ட அடி ஞாபகம் இருந்தது. என்.ஏ.ஏ.சி.பி.யின் சட்ட நிதியத்தைச் சேர்ந்த அனுபவசாலி வக்கீல்கள். ஜாக் கிரீன்பெர்க் தலைமையில் அந்தக் குழு வந்தது.

1962 பிப்ரவரியில் வழக்கு. வாதிகள் யார்? டாக்டர்கள், பல் டாக்டர்கள், கூடவே நோயாளிகள். ஆஸ்பத்திரி வாசலின் இரண்டு பக்கமும் மறுக்கப்பட்டவர்கள் ஒன்றாக நின்றார்கள்.

26/
ரெக்கார்டில் என்ன இருந்தது? எண்கள். கோன் ஆஸ்பத்திரி வாங்கிய ஃபெடரல் பணம் சுமார் 12.7 லட்சம் டாலர், கட்டுமானச் செலவில் சுமார் 15 சதவீதம். வெஸ்லி லாங் வாங்கியது சுமார் 19.5 லட்சம் டாலர், அந்தக் கட்டுமானத்தில் பாதி.

இந்தத் தடவை கேஸ் ஷீட் பக்காவா எழுதப்பட்டிருந்தது.

அமெரிக்க நீதித்துறை அமைச்சகமும், ராபர்ட் கென்னடி பொறுப்பில் இருந்த நேரம் அது, வாதிகள் பக்கம் வந்து நின்றது. மத்திய அரசே தன் சட்டத்தின் ஒரு பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொன்னது.

27/
ஆனாலும் 1962 டிசம்பரில் முதல் நீதிமன்றத்தில் தோல்வி. "இவை தனியார் ஆஸ்பத்திரிகள். அரசுப் பணம் வாங்கியதால் மட்டும் அரசு ஆகிவிடாது."

எங்கேயோ கேட்ட வாதமா இருக்கா? வருடம் ஒரு டாலர் குத்தகை. அதே வாதம்தான், உடை மட்டும் வேற.

28/
அதே டிசம்பர் மாதம், 7-ம் தேதி. கில்லெஸ்பி பார்க் மைதானம் மறுபடி திறக்கப்பட்டது. இந்த முறை எல்லோருக்கும். ஆறு பேர் 75 சென்ட் வைத்துவிட்டு உள்ளே போன அதே தேதி, சரியாக ஏழு வருடம் கழித்து. 18 குழி ஒன்பதாகச் சுருங்கியிருந்தது.

முதல் பந்தை அடித்தவர் ஜார்ஜ் சிம்கின்ஸ். காசை வாங்கிக்கொண்டார்கள். யாரும் பின்னாடி வந்து திட்டவில்லை. ஆஸ்பத்திரி வழக்கில் தோற்ற கையோடு அவர் அந்தப் பந்தை அடித்திருக்கிறார்.

29/
1963 நவம்பர் 1. மேல்முறையீட்டு நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் கீழ்த் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அரசின் பணமும் அரசின் திட்டமிடலும் இந்த அளவுக்குப் பின்னிப்பிணைந்த பிறகு, "நான் தனியார்" என்று சொல்லி நிறம் பார்க்க முடியாது. ஹில்-பர்ட்டன் சட்டத்தின் "தனித்தனி" பிரிவு செல்லாது.

1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கவே மறுத்தது. தீர்ப்பு நின்றது.

30/
அதே ஆண்டு ஜூலையில் குடியுரிமைச் சட்டம். மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் பாகுபாடு கூடாது என்பது அதன் ஆறாவது பகுதி. 1966 ஜூலை 1-ல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது அரசு ஆஸ்பத்திரிகளிடம் சொன்னது: மெடிகேர் பணம் வேணுமா? வார்டுகளை ஒன்றாக்கு.

பல வருடப் போராட்டத்தில் நடக்காதது சில மாதங்களில் நடந்தது. "கறுப்பர் வார்டு", "வெள்ளையர் வார்டு" பலகைகள் இறங்கின.

31/
இதன் பலன் எண்ணிக்கையிலும் தெரியும். மிசிசிப்பி மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், 1965-க்குப் பின் கறுப்பினக் கைக்குழந்தைகளின் இறப்பு வேகமாகக் குறைந்ததைக் காட்டினார்கள். குறிப்பாக வயிற்றுப்போக்கு, நிமோனியா.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இது உடனே புரியும். இரண்டுமே நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்தால் காப்பாற்றக்கூடியவை. ஒரு டிரிப், ஒரு ஆன்டிபயாடிக், கொஞ்சம் ஆக்சிஜன். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வாசலைத் திறந்தாங்க, அவ்வளவுதான்.

32/
அந்த வழக்கின் வாதிகளில் ஒருவர் டாக்டர் ஆல்வின் பிளவுண்ட். கொரியப் போரில் ராணுவக் கள மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தவர். போர்க்களத்தில் வெட்டித் தைக்க அவர் கை போதும். சொந்த ஊர் ஆஸ்பத்திரி தியேட்டருக்குள் நுழைய அனுமதி இல்லை. தீர்ப்புக்குப் பிறகுதான் கோன் ஆஸ்பத்திரியில் அறுவை செய்த முதல் கறுப்பின சர்ஜன் ஆனார்.

2016-ல் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வாதிகளில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். சில மாதங்களில், 2017 ஜனவரியில், 94 வயதில் காலமானார். சிம்கின்ஸ் 2001-லேயே போய்விட்டார். அவருக்கு அந்த மன்னிப்பைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

33/
அட்லாண்டா டாக்டர் ஹோம்ஸ் ஞாபகம் இருக்கா? கோல்ஃப் ஆடப் போய்த் திரும்பி வந்தவர். அவர் பேரன், அதே பெயர், ஹாமில்டன் ஹோம்ஸ். 1961-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நுழைந்த முதல் இரண்டு கறுப்பின மாணவர்களில் ஒருவர். பிறகு எமரி மருத்துவக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர். 1967-ல் பட்டம். எலும்பு சர்ஜன் ஆகி, அட்லாண்டாவின் பெரிய பொது ஆஸ்பத்திரியான கிரேடியில் மெடிக்கல் டைரக்டர் பொறுப்பு வரை வந்தார்.

தாத்தாவுக்குக் கோல்ஃப் மைதான வாசல். பேரனுக்கு மருத்துவக் கல்லூரி வாசல். பேரனின் அப்பா, அந்த ரவுண்டு ஆடப் போனவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ஹோம்ஸ் பெயரில் இன்று அட்லாண்டாவில் ஒரு நகராட்சி கோல்ஃப் மைதானமே இருக்கு.

34/
இப்போ 12-வது பதிவில் விட்ட கேள்விக்கு வர்றேன். "விளையாட்டுக்குப் போய் ஜெயிலா?"

கோல்ஃப் மைதானத்தில் சிம்கின்ஸ் கேட்டது ஒரே கேள்வி. எல்லோர் பணத்திலும் கட்டினதை, ஒரு காகிதத்தில் "தனியார்" என்று எழுதிச் சிலருக்கு மட்டும் பூட்ட முடியுமா? ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதும் அதே கேள்விதான். 75 சென்ட் விஷயத்தில் "போனால் போகட்டும், விளையாட்டுதானே" என்று விட்டிருந்தால், அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவு செய்வது, எங்கே தோற்போம் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது.

பூட்டு ஒரே மாதிரிதான் செய்யறாங்க. அதனால சின்ன வாசல்ல பழகின சாவி பெரிய வாசலுக்கும் உதவுச்சு.

35/
அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கதை வேற மாதிரி உறைக்கிறது. கியூவில் நின்று ஓ.பி. சீட்டு வாங்குகிற ஒருவர், "சார், நான் உள்ளே வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். இது அவங்க பணத்தில் கட்டின கட்டடம். நான் வாங்கும் சம்பளமும் அதில்தான் வருது. அனுமதி கேட்க வேண்டியது அவங்க இல்லை. இந்த த்ரெட்டை எழுதும்போது அதுதான் மனசில் ஓடிட்டே இருந்தது.

36/
கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. ஞானப்பல் பக்கம் வலி, கூடவே கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீக்கம், வாயைச் சரியா திறக்க முடியலை, விழுங்கக் கஷ்டம், காய்ச்சல், இதில் எது சேர்ந்து வந்தாலும் கிராம்பு வெச்சுக்கிட்டு, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு நாள் கடத்தாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. ராத்திரி என்றால் நேரா எமர்ஜென்சி.

வாசல் திறந்துதான் இருக்கு. நான் தூங்கப் போறேன்.